நுண்குழலா, ஆக்டின் இழையா?

செல்லுக்கு உருவம் தரும் உட்சட்டகத்தின் இந்த இரு புரத இழைகளில், பழுதைச் சரிசெய்துகொள்வதில் எது கெட்டி? ஆக்டின் இழை மெலிந்தது, தடிமன் சுமார் 7 நானோமீட்டர், நுண்குழல் 25. ஆக்டின் நிதானமானது: ஒரு முனையில் வளர்ந்து, மறுமுனையில் கரைந்து, நீளம் மாறாமலே நகரும்.

நுண்குழலோ முன்கோபி. குவானோசின் டிரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறை இன்னும் உடைக்காத டியூபுலின்கள் (நுண்குழலைக் கட்டும் புரதங்கள்) முனையில் தொப்பியாக இருக்கும்வரை வளரும்; தொப்பி போனால் சடசடவென உதிரும். உயிரியலாளர்கள் மிட்சிசனும் கிர்ஷ்னரும் 1984இல் இதைக் காட்டினார்கள். மாற்றமெல்லாம் முனைகளில்தான் என்றே நெடுங்காலம் நம்பினோம். ஆனால் நீரோட்டத்தில் திரும்பத் திரும்ப வளைத்த நுண்குழல் தளர்ந்து, ஓய்வு தந்ததும் மறுபடி விறைப்பானது; நடுச்சுவரின் ஓட்டைகளில் புது டியூபுலின் வந்து பொருந்தியிருந்தது. இதை வெளியிட்டது 2015இல்தான்! அப்படி ஒட்டுப்போட்ட இடங்களில் பின்னர் உதிர்தல் நின்று, வளர்ச்சி மீண்டும் தொடங்கவும் கூடும். தழும்பே காப்பாற்றுகிறது.

ஆக்டினில் பழுதுபார்ப்பு பல இழைகள் சேர்ந்த கற்றையளவில் நடக்கிறது. இழுவிசையில் கற்றை கிழிந்தால் சைக்சின் என்ற புரதம் அங்கே விரைந்து, ஆல்பா-ஆக்டினின், வாஸ்ப் என்ற வேறு புரதங்களையும் வரவழைக்கும். வேகம் இதற்கும் உண்டு. ஆனால் வெளியாள் தயவு தேவை. டியூபுலின் மட்டுமே கொண்டு தன்னைத் தைத்துக்கொள்ளும் நுண்குழலுக்கே என் ஓட்டு.