407 இன்ஜின் வேலை: காரமடை ரோட்டுப் பட்டறையில் 17 நாள்

என் வண்டி டாடா 407, 2004 மாடல், டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத 497 இன்ஜின். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றின் உள்விட்டமும் 97 மில்லிமீட்டர் என்பதால்தான் அந்த 497 என்ற பெயர். மேட்டுப்பாளையத்தில் அரிசி, மளிகை ஏற்றி ஊட்டிக்குப் போவேன். வரும்போது கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி மண்டியில் இறக்குவேன். பதினாலு வருஷமாக இதே ரோடுதான்.

போன மழைக்காலத்தில் இன்ஜின் ஓய்ந்துவிட்டது. காலையில் செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகையோடு திணறித்தான் பிடிக்கும். ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று கேஸ் தள்ளும். இரண்டு ட்ரிப்புக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. பர்லியாறு தாண்டினால் இரண்டாம் கியரை விட்டு எழும்பவே இல்லை.

முதலில் உக்கடத்தில் பழைய இன்ஜின் ஒன்றைப் பார்த்தேன். விலை குறைவு, இரண்டு நாளில் மாற்றிவிடலாம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. அதோடு இன்ஜின் நம்பர் மாறும். ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கி, மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அதை விட்டால் எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது மாட்டிக்கொள்வோம். என் சொந்த இன்ஜின் பிளாக்கையே வேலை செய்வது என்று முடிவெடுத்து, காரமடை ரோட்டில் உள்ள சின்னப் பட்டறைக்குப் போனேன்.

மேஸ்திரிக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பானட்டைத் தூக்கும் முன்பே, "வண்டி எந்த ரோட்டுல ஓடுதுங்க தம்பி?" என்றுதான் கேட்டார். இதற்கு முன் எந்த மெக்கானிக்கும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

எனக்கோ டர்போ ஆசை. "ஏனுங்க மேஸ்திரி, எப்படியும் இன்ஜின் பிரிக்கறோம், ஒரு டர்போவையும் மாட்டிட்டா மேடு சுளுவா ஏறிருமல்லங்க?" என்றேன். அவர் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. ஆசையில் நியாயம் இருக்கிறது என்றே சொன்னார். மேட்டுப்பாளையம் சுமார் 325 மீட்டர் உயரம், ஊட்டி 2,240. மேலே காற்றின் அடர்த்தி சுமார் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இருந்தால் அந்தக் குறையைத் தள்ளி நிரப்பும். "ஆனா கம்பெனியில டர்போவோட வர்ற இன்ஜினுக்கு பிஸ்டன், பம்ப் அளவு, கூலிங் எல்லாமே அதுக்குன்னு செஞ்சதுங்க. உங்க பிஸ்டன் அந்தச் சூட்டுக்கு வார்த்தது இல்ல. ஒரு சீசன் ஓடும், அப்புறம் பிஸ்டன் தலை உருகும்." டர்போவை அத்தோடு விட்டேன்.

டீசல் பம்ப் ஸ்க்ரூவைத் திறந்து டீசலைக் கூட்டச் சொல்லும் டிரைவர்கள் நிறையப் பேர். அதையும் அவர் செய்யவில்லை. கீழே இழுவை நன்றாக இருப்பதாகத் தோன்றும், குன்னூர் தாண்டியதும் காற்றுக் குறைவுக்கு டீசல் மிஞ்சிக் கரும்புகைதான் வரும், சூடு ஏறும். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி கம்பெனி அளவுக்கே காலிபரேஷன் செய்ய வைத்தார். நாசில் நாலும் புதிது.

அவர் காசு செலவழிக்கச் சொன்ன இடங்கள் நான் நினைக்காதவை. முதலில் ரேடியேட்டர். பழைய மூணு ரோ (மூணு வரிசைக் குழாய்) கோரை எடுத்துவிட்டு நாலு ரோ. மூடியும் புதிது. ஊட்டி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், மூடி அழுத்தம் பிடித்தால்தான் கொதிக்காமல் நிற்கும் என்று விளக்கினார். இத்தனை வருஷமாக ஒரே மூடியைப் போட்டு ஓட்டியிருக்கிறேன்!

அடுத்தது தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் நிறுத்தும் வால்வு. முன்பு ஒரு மெக்கானிக் 'சூடாகாது' என்று அதைக் கழற்றி எறிந்திருந்தார். இவர் புதிதாக வாங்கி மாட்டினார். நான் மலை இறங்கும்போது ஒரு மணி நேரத்துக்கு மேல் இன்ஜினுக்கு வேலையே இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் அது சில்லிட்டுப் போகும். பிறகு ஆக்ஸிலேட்டரை மிதித்தால் சரியாக எரியாத டீசல் லைனரில் (பிஸ்டன் ஓடும் உறையில்) உள்ள ஆயிலைக் கழுவிவிடும், பிஸ்டன் ரிங் தேயும். என் லைனர் தேய்ந்ததில் பாதிப் பங்கு இதற்குத்தான் என்று அவர் சொன்னதை நான் நம்புகிறேன்.

ஆயில் பாத் ஏர் கிளீனருக்குப் பதில் பேப்பர் ஃபில்டர், டீசல் லைனில் தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், டேஷ்போர்டில் ஆயில் பிரஷருக்கு முள் மீட்டர். மேம்பாடு என்று போட்டது இவ்வளவுதான்.

மற்றது வழக்கமான வேலை: லைனர், பிஸ்டன் கிட், கிராங்க் 20 தவ் (சுமார் அரை மில்லிமீட்டர்) கிரைண்டிங், ஹெட் ஃபேசிங், வால்வ் சீட். அதிலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாலு பிஸ்டனையும் தராசில் வைத்து நிறுத்தார். ஒன்று மட்டும் 9 கிராம் கூட இருந்தது. அந்த செட்டைத் திருப்பி அனுப்பி வேறு செட் வரவழைத்தார். இதற்கெனத் தனிக் கூலி வாங்கவில்லை. இப்போது ஐடிலில் கேபினுக்குள் நடுக்கம் குறைந்திருப்பதை என் கை கியர் ராடிலேயே உணர்கிறது.

குறைகளும் உண்டு. 10 நாள் என்றார், 17 நாள் ஆனது. ஒரு வாரம் வண்டி இல்லாமல் மண்டிக்காரரிடம் பதில் சொல்ல முடியாமல் தவித்தேன். நாளுக்கு நாள் தள்ளிப்போவதை அவராக ஃபோனில் சொல்லவில்லை, நான்தான் கூப்பிட வேண்டியிருந்தது. வண்டி எடுத்த மூன்றாம் நாள் டேப்பெட் கவர் பேக்கிங்கில் ஆயில் கசிந்தது. கொண்டுபோனதும் மாற்றிக் கொடுத்தார், காசு கேட்கவில்லை. பில்லை ஒரே தொகையாக எழுதினார். எந்த பார்ட் என்ன விலை என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மொத்தம் 1,18,000 ரூபாய். அதில் ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், ஃபில்டர், மீட்டர் எல்லாம் சேர்த்து 19,000. முதல் 1,000 கிலோமீட்டர் பாதி லோடுதான் ஏற்றினேன், பிறகு ஆயில் மாற்றினேன். இப்போது 11,000 ஓடியிருக்கிறது. ஆயில் குச்சியில் அளவு இறங்கவில்லை. லிட்டருக்கு ஆறரை கொடுத்த வண்டி எட்டு கொடுக்கிறது. வேகம் பெரிதாகக் கூடவில்லை, அதை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆனால் போன சித்திரை வெயிலில் முழு லோடோடு காட்டேரி மேட்டில் டிராஃபிக்கில் நின்று நின்று ஏறினேன், சூட்டு முள் பாதியைத் தாண்டவில்லை. முன்பெல்லாம் அந்த மேட்டில் ஓரங்கட்டி, ஆறும்வரை காத்துக் கிடப்பேன்.

ஞாயிறு பட்டறை லீவு. மற்ற நாளில் காலை 9 மணிக்குள் போனால் மேஸ்திரி உட்கார்ந்து பேசுவார், அதற்குமேல் கையில் ஸ்பேனர் ஏறிவிடும்.