ஹா ஜியாங்: ஹேண்டில்பாரைப் பிடிப்பதா, பின் சீட்டில் உட்காருவதா?

வியட்நாமின் வடக்கு நுனியில் இருக்கும் ஹா ஜியாங் மலைச்சுற்றுக்கு இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். முதல் தடவை வாடகைக்கு எடுத்த பைக்கை நானே ஓட்டினேன். இரண்டாம் தடவை உள்ளூர்ப் பையன் ஒருவன் ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனேன். எது நல்லது என்று கேட்பவர்களிடம் ஒவ்வொரு முறையும் அரைமணி நேரம் பேச வேண்டியிருப்பதால் எழுதியே வைத்துவிடுகிறேன். என் ஓட்டு பின் சீட்டுக்கு. பைக் என்றால் உயிரை விடுபவர்களுக்கும் சேர்த்தேதான் சொல்கிறேன். நானும் அந்த ஜாதிதான்.

ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்காக: ஹனோயிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர், பஸ்ஸில் ஆறேழு மணி நேரம். அங்கிருந்து குவான் பா, யென் மின், டாங் வான், மேவ் வாக், டூ ஜா என்று சுற்றித் திரும்பினால் 350 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின். மூன்று நாள் போதும் என்பார்கள், நான்கு வைத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல் மலைகள், சீன எல்லை, ஹ்மாங், டாய், ஸாவ், லோ லோ என்று பல இன மக்கள். 2010இல் டாங் வான் பீடபூமிக்கு யுனெஸ்கோவின் புவிப்பூங்கா அந்தஸ்து கிடைத்தது. 2025 ஜூலையில் மாகாணத்தை துயென் குவாங்குடன் இணைத்துவிட்டார்கள். ஆனாலும் பஸ் நிலையத்தில் யாரைக் கேட்டாலும் ஹா ஜியாங் என்றுதான் சொல்கிறார்கள்.

மூன்றாவதாக வேன் என்று ஒன்று இருக்கிறது. வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் தாராளமாக அதில் போகலாம். மற்றவர்கள் கண்ணாடி வழியாக மலை பார்ப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம். நான் வேனில் போனது ஒரே ஒரு நாள்தான், அதற்கு மேல் பேச எனக்கு அருகதை இல்லை.

சொந்தமாக ஓட்டுவதில் இருக்கும் சுகத்தை விளக்க வேண்டியதில்லை. செலவும் குறைவு. ஹோண்டா வேவ் வண்டிக்கு நாளொன்றுக்கு இரண்டு லட்சம் டாங் கொடுத்தேன், நம் பணத்தில் 700 ரூபாய்க்குள். கிளட்ச் கிடையாது, கியர் உண்டு. இறக்கத்தில் இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கியர் இல்லாத ஸ்கூட்டரை இந்த மலைக்கு எடுக்காதீர்கள். நெடும் இறக்கத்தில் பிரேக்கையே நம்பி இறங்கினால் சூடேறிப் பிடிமானம் போய்விடும். பெரிய டிரெயில் பைக்குகளை நான் ஓட்டியதில்லை, அவற்றைப் பற்றி ஓட்டியவர்களிடம் கேளுங்கள். இன்னொன்று, லைசென்ஸ். அங்கே போலீஸ் மறித்துக் கேட்பது சகஜம். செல்லாத லைசென்ஸோடு விழுந்து எழுந்தால் பயணக் காப்பீட்டுக்காரர்களும் கையை விரித்துவிடுவார்கள். 'யார் பார்க்கப் போகிறார்கள்' என்று கிளம்ப வேண்டாம்.

நான் விழுந்தேன். இரண்டாம் நாள், யென் மின்னைத் தாண்டி, சாலை வேலை நடந்த இடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்தது. வளைவில் முன் சக்கரம் வழுக்கி அப்படியே பக்கவாட்டில் படுத்துவிட்டேன். முட்டியில் சிராய்ப்பு, ஒரு கண்ணாடி காலி, பிரேக் லீவர் வளைந்துவிட்டது. வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது வாடகைக் கடைக்காரர், நான் போடாத இரண்டு கீறல்களையும் சேர்த்துக் கணக்குப் போட்டது தனிக்கதை. எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தக் கட்டுரைக்குக் காரணம் அந்தக் கீறல் இல்லை, விழுந்த பிறகு நடந்தது.

சாலைக்கு மேலே சோளக்காட்டிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் இறங்கி வந்தார்கள். வண்டியைத் தூக்கி நிறுத்தினார்கள். கையைப் பிடித்து இழுக்காத குறையாக வீட்டுக்குக் கூட்டிப்போனார்கள். மண்ணை இடித்துக் கெட்டித்துக் கட்டிய சுவர், ஓட்டுக்கூரை, சுற்றிலும் இடுப்பளவு கல்வேலி. வாசற்படியில் உட்காரவைத்துக் காயத்தைக் கழுவத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்த அம்மாள் என்னைப் பார்த்து ஏதோ நீளமாகக் கேட்டார். போனை எடுத்து மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்தேன். அது கணீரென்று வியட்நாமிய மொழியில் பேசியது. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்தார். அவருக்குத் தெரிந்தது ஹ்மாங் மொழி. வியட்நாமியம் என்னைப் போலவே அவருக்கும் அந்நியம்.

ஒரு மணி நேரம் அந்தப் படியில் உட்கார்ந்திருந்தேன். தெரிந்த ஒரே சொல்லான 'காம் ஓன்', அதாவது நன்றி, அதை நாலு தடவை சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்தப் பயணத்திலேயே பெரிய விஷயம் அந்த ஒரு மணி நேரம்தான். அதில் ஒரு வார்த்தை கூட எனக்குக் கிடைக்கவில்லை. என்ன கேட்டார் அந்த அம்மாள்? இன்றுவரை தெரியாது.

இரண்டாம் தடவை பின் சீட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு முழுக்காரணம் இதுதான். 'ஈஸி ரைடர்' என்று அங்கே சொல்கிறார்கள். முதலில் டா லாட் ஊரில் பிரபலமான ஏற்பாடு, இப்போது ஹா ஜியாங்கில் கொடிகட்டிப் பறக்கிறது. வாடகை மோட்டார் சைக்கிளுக்கு வியட்நாமியத்தில் பழைய பெயர் 'ஸே ஓம்'. ஸே என்றால் வண்டி, ஓம் என்றால் கட்டிப்பிடிப்பது. நாலு நாளுக்கு, சாப்பாடு, தங்கல், பெட்ரோல் எல்லாம் சேர்த்து எனக்கு 45 லட்சம் டாங் ஆனது, 15,000 ரூபாய்க்குப் பக்கம். சொந்தமாக ஓட்டியபோது இதில் பாதிதான் செலவு. கூடுதலாகக் கொடுத்த பணம் ஓட்டுநருக்கு என்று நினைக்கவில்லை, ஒரு நாக்குக்குக் கொடுத்தேன் என்றுதான் கணக்கு வைத்திருக்கிறேன்.

பையனுக்கு 24 வயது, டாய் இனத்தவன், வி ஸுயென் பக்கம். வண்டியைக் கிளப்பும் முன்பே என் வயதைக் கேட்டான். 44 என்றேன். அது போதவில்லை. தன் அப்பாவுக்கு 48 என்று சொல்லி ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்படியானால் நீங்கள் ச்சூ, நான் ச்சாவ்" என்றான். ச்சூ என்றால் அப்பாவுக்கு இளையவர். மூத்தவராயிருந்தால் பாக். நமக்கு இதை விளக்கவே வேண்டாம்: சித்தப்பா, பெரியப்பா. வியட்நாமியத்தில் நான், நீ என்பதற்கே பெரும்பாலும் உறவுப் பெயர்கள்தான். வயது தெரியாமல் வாயைத் திறக்க முடியாது. கூட வந்த ஐரோப்பியப் பயணிகள் இந்த வயதுக் கேள்வியில் நெளிந்தார்கள். எனக்கோ ஏதோ கல்யாண வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. முதல் பயணத்தில் நாலு நாளும் நான் வெறும் 'ஹலோ'. இரண்டாம் பயணத்தில் போன வீடெல்லாம் சித்தப்பா.

ஹனோயிலிருந்து வரும் நெடுஞ்சாலையில் வி ஸுயென் ராணுவ வீரர் கல்லறையை முதல் தடவையும் கடந்துதான் வந்திருக்கிறேன், பஸ்ஸில் தூங்கிக்கொண்டு. 1979இல் சீனா படையெடுத்ததும், இந்தப் பகுதியில் சண்டை 1989 வரை நீண்டதும் படித்த செய்திகள். சில சரிவுகளில் கண்ணிவெடி இருக்கும் என்று சின்ன வயதில் எருமை மேய்க்க விடமாட்டார்கள் என்று அவன் முன்னால் பார்த்தபடியே சொன்னபோதுதான் அது ஊராக மாறியது.

மா பி லெங் கணவாய் விஷயத்துக்கு வருவோம், எல்லோரும் அதைத்தான் கேட்பார்கள். டாங் வானிலிருந்து மேவ் வாக் வரை 20 கிலோமீட்டர். கீழே பாதாளத்தில் நோ குவே ஆறு பச்சைக் கோடாக ஓடும். முதல் தடவை அந்த ஆற்றை நான் பார்த்தது எல்லோரும் நிறுத்தும் இடங்களில் மட்டும்தான். மிச்ச நேரமெல்லாம் கண் ரோட்டில்தான்: எதிர் லாரி, ஈரமான வளைவு, சாணம். பின்னால் உட்கார்ந்தபோது 20 கிலோமீட்டரும் எனக்கு. இந்தச் சாலைக்கு 'மகிழ்ச்சிச் சாலை' என்று பெயர். 1959 முதல் 1965 வரை பல இனங்களைச் சேர்ந்த இளைஞர்கள் பெரும்பாலும் கையால் வெட்டிய 185 கிலோமீட்டர். மா பி லெங் பாறையில் கயிற்றில் தொங்கியபடி பதினொரு மாதம் உளியடித்தார்கள். பையன் ஓரிடத்தில் வண்டியை நிறுத்தி, பாறையின் முகத்தைக் கையால் தடவிக் காட்டினான். நானும் தடவினேன். அவ்வளவுதான், அதற்கு அவன் உரையேதும் ஆற்றவில்லை.

எனக்கு மறக்காதது அதற்கு முந்தைய நாள். நான் விழுந்த இடத்தையும் அந்த வீட்டையும் தேடிப் பார்த்தோம். கிடைக்கவில்லை. ஜல்லி இருந்த இடத்தில் புதுத் தார். மண்சுவர் வீடுகள் எல்லாம் ஒன்றுபோல. சரி விடு என்று வேறொரு வீட்டருகே நின்றோம். வாசலில் ஒரு பாட்டி கல் இயந்திரத்தில் சோளம் அரைத்துக்கொண்டிருந்தார். மென் மென் செய்யப்போகிறார்களாம், மக்காச்சோள மாவை இரண்டு முறை ஆவியில் வேகவைப்பது. கொஞ்சம் கொடுத்தார்கள். உதிரியாக, இனிப்பில்லாத புட்டு மாதிரி, தொண்டையில் லேசாக அடைக்கிறது, கூட வந்த கீரைத் தண்ணீரோடுதான் இறங்கியது.

பையனுக்கு ஹ்மாங் அரைகுறை. பள்ளிக்கூடம் போன மருமகளுக்கு வியட்நாமியம் தெரியும். ஆக, பாட்டி ஹ்மாங்கில் பேசுவார், மருமகள் வியட்நாமியத்தில் சொல்வார், பையன் ஆங்கிலத்தில் எனக்கு. ஒரு கேள்வி போய் வருவதற்கு ஒரு நிமிடம் ஆனது. பாறைகளுக்கு நடுவே கையகலக் குழிகளில் சோளம் நட்டிருப்பதைக் காட்டி, இதில் எப்படி வளர்கிறது என்று கேட்டேன். மழை மண்ணைக் கீழே கொண்டுபோய்விடுகிறது, நாங்கள் கூடையில் சுமந்து திரும்பக் கொண்டுவந்து குழியில் போடுகிறோம் என்று பதில் வந்தது. பிறகு பாட்டி ஏதோ கேட்டார். மருமகள் சிரித்தாள், பையனும் சிரித்தான். "அவர் ஊரில் மண் இருக்கிறதா என்று கேட்கிறார்" என்றான்.

இருக்கிறது என்றேன். நிறைய இருக்கிறதா என்று அடுத்த கேள்வி. நிறைய என்றேன். பாட்டி தலையாட்டிவிட்டு மறுபடி அரைக்கத் தொடங்கினார். வாடகை பைக்கில் இந்த வீட்டு வாசலில் விழுந்திருந்தால்கூட அந்தக் கேள்வி எனக்கு வந்து சேர்ந்திருக்காது.

சைவக்காரர்களுக்கு இதே நாக்கு இன்னொரு வகையில் சோறு போடும். 'ஆன் சாய்' என்றால் சைவம் என்று எல்லாப் பயணக் குறிப்பிலும் இருக்கிறது. ஆனால் கறி இல்லாத கீரையிலும் மீன் சாறான நுக் மாம் விழுந்துவிடும். முதல் பயணத்தில் உடனடி நூடுல்ஸும் முட்டையுமாகத்தான் ஓட்டினேன். இரண்டாம் தடவை பையன் முன்கூட்டியே போன் போட்டு, சித்தப்பா இன்னின்னது சாப்பிடமாட்டார் என்று சொல்லிவிடுவான். தக்காளியில் வேகவைத்த டோஃபுவும் பூசணித் தளிர்ப் பொரியலும் வந்தன.

பின் சீட்டில் குறையே இல்லையா? இருக்கிறது. மூன்றாம் நாள் இடுப்பு தனியாகக் கழன்று விழும். நினைத்த சந்தில் திரும்ப முடியாது, கேட்டுத்தான் திரும்ப வேண்டும். பெரிய நிறுவனங்களில் பதிவு செய்தால் இருபது வண்டி வரிசையாகப் போகும். இரவில் சோளச் சாராயம், கரோக்கி, ஒவ்வொரு கோப்பைக்கும் கைகுலுக்கல், விடிந்தால் தலைவலி. தாம் மா வளைவுச் சாலையில் முதுகில் பூக்கூடையோடு படத்துக்கு நிற்கும் குழந்தைகளிடம் அந்த வரிசை மொத்தமாக இறங்கும். எனக்கு அது பிடிக்கவில்லை. குழுவாக அதில் போவதென்றால் என் வாதம் முழுக்கச் செல்லாது, அதற்குச் சொந்தமாக ஓட்டுவதே மேல். ஒரு ஓட்டுநர், ஒரு பயணி, கூட்டம் வேண்டாம், உள்ளூர்க்காரர் வேண்டும் என்று அடித்துச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். என் பையன் வாய்த்தது பாதி அதிர்ஷ்டம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். வாயே திறக்காத ஓட்டுநரிடம் மாட்டிக்கொண்ட ஒரு பயணியையும் வழியில் பார்த்தேன். தனியாகப் போகும் பெண்கள் அறிமுகமில்லாதவர் பின்னால் நாலு நாள் உட்காருவது பற்றி நான் தீர்ப்புச் சொல்லக்கூடாது, போய் வந்த பெண்களிடம் கேளுங்கள்.

மேவ் வாக்கிலிருந்து டூ ஜா போகும் துண்டு மட்டும் எனக்கு இன்னும் கை அரிக்கிறது. லாரி குறைவு, பள்ளத்தாக்கில் வயல்கள், தூங்கிவழியும் ஊர்கள். அங்கே மட்டும் பையனைப் பின்னால் உட்காரவைத்துப் பத்து கிலோமீட்டர் நான் ஓட்டினேன். நான் பிரேக் போடும்போதெல்லாம் பின்னாலிருந்து "ச்சூ, ச்சூ" என்று ஒரு குரல் பதறிக்கொண்டே வந்தது.

அடுத்த தடவை அக்டோபர், நவம்பரில், கோதுமைக் குடும்பம் இல்லாவிட்டாலும் 'பக்வீட்' என்று பெயர் வாங்கிக்கொண்ட அந்தச் செடி இளஞ்சிவப்பாகப் பூக்கும் சமயத்தில் போகலாம் என்று வீட்டில் பேச்சு. மனைவி கூட வருகிறாள். பைக்கின் பின்னாலும் உட்கார மாட்டாளாம், நான் ஓட்டினால் அதைவிட உட்கார மாட்டாளாம். திறந்த ஜீப் கிடைக்கிறதாம், ஓட்டுநரோடு. பையனுக்கு ஜீப் ஓட்டத் தெரியுமா என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருக்கிறேன்.