ஜாம் ஆன கேலிப்பர் பிஸ்டன்: பெடலா, காற்றா, கிரீஸ் கன்னா?

டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்திப் பிடிக்கும் பகுதிதான் கேலிப்பர்; அதற்குள் ஜாம் ஆன பிஸ்டனை எப்படி வெளியே எடுப்பது? முதலில் ப்ளீடர் ஸ்க்ரூவை (பிரேக் ஆயிலில் சேரும் காற்றை வெளியேற்றும் திருகு) திறந்துவிட்டு பிஸ்டனை அழுத்திப் பாருங்கள். லேசாக உள்ளே போனால் பிஸ்டன் மேல் பழி இல்லை. பெரும்பாலும் பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்திருக்கும். அப்போதும் அசையவில்லை என்றால்தான் பிஸ்டனை வெளியே எடுக்கும் இந்தப் பேச்சு.

பட்டறையில் கை முதலில் போவது கம்ப்ரஸருக்கு. சுத்தமான வேலைதான். ஆனால் 54 மி.மீ. பிஸ்டன் மேல் 7 பார் (அழுத்தத்தின் அளவு) காற்று கொடுக்கும் தள்ளு சுமார் 160 கிலோ. அதுகூடப் பரவாயில்லை. காற்று சுருங்கி நிற்கும் பொருள். பிஸ்டன் பிடி விட்ட நொடியில் அத்தனையும் விரிந்து அதைத் தெறிக்கவிடும். எதிரே மரக்கட்டை வைத்திருந்தாலும், “வருதா?” என்று விரலை நீட்டிப் பார்க்கும் பழக்கம் யாரை விட்டது? இதில் வேடிக்கை, நன்றாகத் துருவேறிய பிஸ்டன் 7 பாருக்கு அசைவதே இல்லை.

பிரேக் பெடல் 70 பாருக்கு மேல் தரும். ஆயில் சுருங்காது, பிஸ்டன் கொஞ்சம் நகர்ந்தாலே அழுத்தம் இறங்கிவிடும். அதனால் ஊர்ந்துதான் வெளியே வரும். வண்டியை ஜாக்கியை நம்பி விடாமல் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கேலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பிஸ்டனுக்கு எதிரே மரத்துண்டு வைத்து, ஒருவர் மெதுவாக மிதித்தால் போதும். அடியில் தட்டு வையுங்கள், பிரேக் ஆயில் பட்டால் பெயின்ட் போய்விடும்.

சரி, அவசரப்பட்டு ஹோஸைக் கழற்றியாயிற்று என்றால்? அங்கேதான் கிரீஸ் கன், அதாவது கிரீஸை அழுத்தி ஏற்றும் கருவி. ஹோஸ் துளையின் மரைக்குப் பொருந்தும் நிப்பிள் போட்டு, ப்ளீடரை மூடிவிட்டு அடித்தால், பெடலை மிஞ்சும் அழுத்தத்தில் நிதானமாகத் தள்ளும். விலை பின்னால் வரும்: சாதாரண கிரீஸ் பட்ட பிரேக் ரப்பர் ஊதிவிடும். சீல் (ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), பூட் (தூசி தடுக்கும் ரப்பர் உறை) எல்லாம் புதிது போட வேண்டும், உள்வழிகளை பிரேக் கிளீனரால் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் கழுவ வேண்டும். எப்படியும் இந்த ரப்பர்கள் அடங்கிய கிட்டை மாற்றப்போகிறவருக்கு இது நஷ்டமில்லை.

பிளையரால் பிடித்து இழுப்பது என் கணக்கில் ஒரு வழியே இல்லை. சீல் உரசும் பரப்பில் ஒரு கீறல் விழுந்தால் ஒழுகும்.

என் ஓட்டு பெடலுக்கு, அடுத்து கிரீஸ் கன்னுக்கு. காற்று, ஏற்கெனவே இளகிய பிஸ்டனுக்கு மட்டும், அதுவும் குறைந்த அழுத்தத்தில். ஹேண்ட்பிரேக் சேர்ந்த பின்சக்கரக் கேலிப்பர் பலவற்றில் பிஸ்டன் மரையில் உட்கார்ந்திருக்கும்; அதைத் திருகித்தான் எடுக்க வேண்டும், மூன்றில் எதுவும் அங்கே செல்லாது.