பின் ஷாக்கப்சர் மாற்றும்போது நீளத்தை அளக்காமல் விடாதீர்கள்

மதுரையில் பைக்குக்கு ஷாக்கப்சர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். கடையின் பெயரைப் போடப் போவதில்லை.

என் ஸ்ப்ளெண்டரில் பின்பக்க ஷாக்கப்சர் ரெண்டிலும் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. கம்பெனி ஐட்டம் என்று சொல்லி ஒரு ஜோடியை மாட்டினார்கள், விலையும் அதற்குத்தான் வாங்கினார்கள். டப்பாவைக் காட்டவில்லை. பழைய ஜோடி எங்கே என்றால், "இரும்புக்குப் போட்டாச்சுண்ணே" என்றான் பையன். அதற்குள்ளேயா!

வீட்டுக்கு வந்து சென்டர் ஸ்டாண்டு போட்டால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பவே இல்லை. சைடு ஸ்டாண்டில் வண்டி படுத்துவிடுகிற மாதிரி சாய்ந்தது. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, சந்துகளில் வளைக்க லேசாகக்கூட இருந்தது. நத்தம் பறக்கும் பாலத்தில் ஏறி 60-ஐத் தாண்டியதும் ஹேண்டில் அலைய ஆரம்பித்தது. பக்கத்தில் ஒரு பஸ் கடந்தால் போதும், அந்தக் காற்றுக்கே முன்சக்கரம் இங்கும் அங்கும் ஆடும்.

திரும்பக் கொண்டுபோனேன். "புதுசுல அப்படித்தாண்ணே, ஓட ஓட செட்டாயிரும்." ஆகவில்லை. அப்புறம் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போயிருச்சு என்று அதை மாற்றி, தனியாகக் காசு. அதற்கும் அடங்கவில்லை என்றதும் முன்டயரைக் கை காட்டினார்கள். போதும்டா சாமி என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒத்தக்கடையில் ஒரு வயதான மெக்கானிக் வண்டியைத் தள்ளிப் பார்த்ததுமே, "என்ன தம்பி, பின்னாடி தூக்கிக்கிட்டு நிக்குது?" என்றார். ஒரு பக்கத்து ஷாக்கப்சரைக் கழற்றி, மேல் ஓட்டையின் நடுவிலிருந்து கீழ் ஓட்டையின் நடுவரை டேப்பை வைத்தார். பட்டறையில் கிடந்த ஸ்ப்ளெண்டர் ஷாக்கப்சரோடு ஒப்பிட்டால் ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம். எனக்கு மாட்டியது வேறு ஏதோ வண்டியுடையது.

ஓர் அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றும். இந்த வண்டிக்கு இரண்டு சக்கர அச்சுகளுக்கும் நடுவே 1,236 மி.மீ. தான். ஷாக்கப்சர் பின் அச்சுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், அது நீண்ட அளவுக்குப் பின்பக்கம் உயரும். 25 மி.மீ. உயர்ந்தால் வண்டி 1 டிகிரிக்குச் சற்று மேல் முன்னால் கவிழும், முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் முன்ஃபோர்க் அந்த அளவுக்குச் செங்குத்தாகும். ஹேண்டில் திரும்பும் அச்சைத் தரைவரை நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அந்த இடைவெளிதான் டிரெயில், சக்கரத்தை நேராகப் பிடித்து வைப்பது அதுதான். 1 டிகிரிக்கு அதில் 6 மி.மீ. போலக் குறையும். சந்தில் லேசாக வளைந்ததும் பாலத்தில் அலைந்ததும் இதனால்தான். கட்டையான ஷாக்கப்சர் போட்டால் நேர்மாறு: ஹேண்டில் மந்தமாகும், வளைவில் ஸ்டாண்டு தரையில் உரசும்.

எனக்குப் பகீரென்றது செயின் விஷயத்தில்தான். பின்பக்கம் உயர்ந்தால் செயின் தொங்கும். அதை லூஸ் என்று நினைத்து டைட் வைத்திருந்தார்கள். பின்னால் ஆள் ஏறி வண்டி அமுங்கியதும் செயின் விறைத்து, ஸ்ப்ராக்கெட்டையும் உள்ளே பேரிங்கையும் இழுக்கும். நான் வீட்டுக்காரம்மாவை உட்கார வைத்துத்தான் மேலூர் போய் வந்துகொண்டிருந்தேன்.

பழசையும் புதுசையும் உங்கள் கண் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தச் சொல்லுங்கள், ஓட்டைக்கு ஓட்டை சரியாக இருக்கணும். மோனோ ஷாக் வண்டி, அதாவது பின்னால் ஒரே ஷாக்கப்சர் உள்ளது என்றால் இன்னும் உஷார். அதில் ஷாக்கில் 10 மி.மீ. கூடினால் சக்கரத்தில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்கூட வரும். பில்லும் டப்பாவும் வாங்காமல் நகராதீர்கள்.

இப்போது சரியான நீளத்தில் மாட்டியாச்சு, பாலத்தில் வண்டி நேராகப் போகிறது. பழைய கடையில் ஷாக்கப்சர் காசில் பாதியைத் தந்தார்கள், கோன் செட் காசைப் பற்றிப் பேச்சே இல்லை. ஜிபேயில் கொடுத்த பதிவு மட்டும் இருக்கிறது. அதை வைத்து 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.