கட்டியின் ஓரம் எங்கே? நான் பெர்ஃப்யூஷன் கட்சி

க்ளையோமா என்ற மூளைக்கட்டி உள்ள நோயாளிகளுக்கு நாங்கள் எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் இன்னும் ஒரே ஒரு ஸ்கேனைச் சேர்க்கத்தான் நேரம் இருந்தது. பெர்ஃப்யூஷனா (திசுவின் ரத்த அளவைக் காட்டுவது), ஸ்பெக்ட்ராஸ்கோபியா (திசுவின் வேதிப்பொருள்களை அளப்பது), டிஃப்யூஷன் டென்சரா (நீர் நகரும் திசையை வைத்து நார்ப்பாதைகளைக் காட்டுவது) என்ற பேச்சு வந்தபோது பெர்ஃப்யூஷன் என்றேன்.

ஊசியில் செலுத்தும் கான்ட்ராஸ்ட் மருந்து ஏறிப் பளிச்சென்று தெரிவது, ரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவிலுள்ள தடுப்பு உடைந்த இடம். க்ளையோமாவிலேயே கொடிய வகையான க்ளையோப்ளாஸ்டோமா அதோடு நிற்பதில்லை. ஃப்ளேர் என்ற எம்.ஆர்.ஐ. படத்தில் சுற்றிலும் வெள்ளையாகத் தெரியும் பகுதியில் வெறும் நீர் எது, ஊடுருவிய செல்கள் எது? கட்டி திரும்ப வருவதும் பெரும்பாலும் பழைய ஓரத்திலிருந்து 2 செ.மீ.க்குள்தான்.

டென்சரைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நார்ப்பாதைகள் விலகியிருக்கின்றனவா, சிதைந்திருக்கின்றனவா என்று பார்க்க அறுவை சிகிச்சை நிபுணருக்கு அது தேவை. ஆனால் நீர் கோத்தாலும் எஃப்.ஏ. (நீர் ஒரே திசையில் நகர்வதன் அளவு) இறங்கும், செல் புகுந்தாலும் இறங்கும். நம் கேள்விக்கு அது பிடிகொடுக்காது.

ஸ்பெக்ட்ராஸ்கோபி அப்படியில்லை. கோலின் (செல் சவ்வோடு தொடர்புள்ள பொருள்) ஏறி என்.ஏ.ஏ. (நல்ல நரம்புச் செல்லின் அடையாளப் பொருள்) இறங்கினால் கட்டி என்று வேதியியலே கோடு காட்டிவிடும். சிக்கல், எந்த இடத்தை அளப்பது என்று படத்தில் குறிக்கும் பெட்டியில். ஒற்றைப் பெட்டி ஏறக்குறைய 1.5 முதல் 2 செ.மீ.; உள்ளே பாதி கட்டி, பாதி நல்ல திசு என்றால் சராசரிதான் மிஞ்சும். மண்டையோட்டுப் பக்கம் போனால் கொழுப்பின் சிக்னல் வேறு வந்து கலக்கும். அதைவிட, பெட்டியை எங்கே வைப்பது என்று நோயாளி படுத்திருக்கும்போதே முடிவெடுத்தாக வேண்டும்.

எனக்கு இதுதான் தீர்ப்பு. பெர்ஃப்யூஷன் 2 நிமிடத்துக்குள் மூளையின் பெரும்பகுதியை எடுத்து வைத்துவிடுகிறது. ஆறு மாதம் கழித்து ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தால், பழைய ஸ்கேனைத் திறந்து அதே இடத்தில் அன்றைக்கு ரத்த அளவு என்ன என்று அளக்கலாம், அப்போது யாரும் சந்தேகப்படாத இடமாக இருந்தாலும் சரி. பெட்டியே வைக்காத இடத்தின் கோலினை எங்கே போய்த் தேடுவது?

பெர்ஃப்யூஷன் சிக்னல் வரையும் கோட்டைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கும். மருந்து கடக்கும் சில விநாடிகளில் சிக்னல் சட்டென்று சரிந்து மேலே ஏறும். வெறும் நீர் கோத்த இடத்தில் பள்ளம் ஆழமில்லை. கட்டி புது ரத்தக்குழாய் வளர்த்த ஓரத்தில் ஆழம். எதிர்ப்பக்கத்து வெண்பொருளோடு (நார்ப்பாதைகள் ஓடும் திசு) ஒப்பிடுவதால் அளவுகோல் அவரவர் மூளையிலேயே இருக்கிறது.

குறை உண்டு. குழாயிலிருந்து மருந்து கசிந்தால் கோடு பழைய மட்டத்துக்குத் திரும்பாது. முன்கூட்டியே கொஞ்சம் மருந்து கொடுத்து, கணக்கிலும் திருத்த வேண்டும். ரத்தக்கசிவோ உலோகக் கிளிப்போ இருந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். மருந்து விநாடிக்கு 4, 5 மி.லி. வேகத்தில் போக வேண்டும்; கீமோ எடுத்தவருக்கு அதைத் தாங்கும் ரத்தநாளம் கையில் கிடைப்பதே பெரும்பாடு. புதுக்குழாய் வளர்க்காமல் தனித்தனிச் செல்லாக ஊர்ந்து போவதை இதுவும் காட்டாது.

கான்ட்ராஸ்டே இல்லாமல் ரத்த ஓட்டத்தை அளக்கும் ஏ.எஸ்.எல். முறையை நான் கொஞ்சம்தான் கையாண்டிருக்கிறேன். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு இப்போதைக்கு அதைத்தான் எடுக்கிறோம். படம் சற்று மங்கல்தான்.