அஞ்சு வருஷம் இங்கிலீஷ் படிச்சாச்சு, இன்னும் 'கேன்'லயே நிக்கிறேன்

போன வாரம் ஃப்ரெண்ட் ஒருத்தன் ஃபோன் பண்ணான். "டேய், முப்பத்தெட்டு வயசாச்சு, இனிமே உக்காந்து இங்கிலீஷ் படிச்சா வருமாடா, நீதான் அஞ்சு வருஷமா படிக்கிறியே, எந்த ஆப் நல்லாருக்கும் சொல்லு"ன்னு கேட்டான். ஒரு ஆப் பேர சொன்னேன், "வரும்டா, ஆரம்பி"ன்னு சொன்னேன், வச்சிட்டேன். வச்சதுக்கப்புறம் மனசே கேக்கல, ஏன்னா அவனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விஷயம் வேற, முடியும்னு அர்த்தம் வர்ற 'கேன்'ங்கிற சின்ன வார்த்தைலயே நான் இன்னும் தடுக்கி விழறேன்ங்கிறது. அதான் இங்க முழுசா எழுதறேன், அவனும் படிக்கட்டும், இதே யோசனைல இருக்கிற மத்தவங்களும் படிங்க. கிராமர் புக், யூடியூப் கிளாஸ், ஆப் இதெல்லாம் என்னன்னு எல்லாருக்கும் தெரியும், அதுக்குள்ள போகல.

வார்த்தை சேக்குறது கஷ்டமே இல்ல. எல்லாரும் பயப்படறது அதுக்குத்தான், நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். அடிக்கடி புழங்குற ரெண்டாயிரம் வார்த்தைய பொறுக்கி 1953லயே பட்டியல் போட்டு வச்சிட்டாங்க, இப்ப அதவிட புதுப் பட்டியல் நிறைய கெடைக்குது, முதல் ரெண்டு மூணாயிரம் வார்த்தை கெட்டியா பிடிச்சிட்டா சாதாரண பேச்சுல வர்றது பெரும்பாலும் அதுக்குள்ள அடங்கிடும். நான் யூஸ் பண்றது ஆன்கி, ஒரு பக்கம் வார்த்தை, மறுபக்கம் அர்த்தம்னு கார்டு போட்டுப் படிக்கிற ஆப். 2006லருந்து இருக்கு, கம்ப்யூட்டர்லயும் ஆண்ட்ராய்டுலயும் இலவசம். ஒரு கார்டு மறந்து போற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி அத மறுபடி கண்ணு முன்னாடி கொண்டுவந்து நிறுத்தும், அவ்வளவுதான் அதோட வேலை. எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமே இல்லாத அசைகள தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு நேரத்துல எவ்வளவு மறந்து போகுதுன்னு அளந்து 1885ல வெளியிட்டார், இந்த மாதிரி ஆப் எல்லாத்துக்கும் வேர் அங்கதான் இருக்கு. எந்த கார்ட எப்ப காட்டணும்னு முடிவு பண்ண 2023ல எஃப்எஸ்ஆர்எஸ்னு புதுக் கணக்கு ஒண்ணு ஆன்கிலயே சேத்தாங்க, அத ஆன் பண்ணதுக்கப்புறம் எனக்கு தினமும் வர்ற கார்டு நல்லாவே கொறஞ்சுது. இதுவரைக்கும் எனக்கு இதுமேல ஒரு குறையும் கிடையாது, அஞ்சுக்கு அஞ்சு குடுப்பேன்.

ஆனா என்கிட்ட ஆறாயிரம் கார்டு இருக்கு, அதுல முதல் நாலாயிரத்துல சத்தம் கிடையாது. வெறும் எழுத்து. முன்பக்கம் இங்கிலீஷ், பின்பக்கம் தமிழ். ஆப் மேல தப்பு இல்ல, ஆடியோ போடற வசதி அதுல இருக்கு, நான் போடல. கண்ணால படிச்சா போதும்னு நெனச்சேன், ரெண்டரை வருஷம் அப்படியே போச்சு.

அதோட விளைவு என்னன்னா, படிச்சா புரியும், கேட்டா புரியாது. 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ'ன்னு எழுதியிருந்தா ஒரு நொடி கூட யோசிக்க வேண்டியதில்ல, ஆனா ஒருத்தர் சாதாரணமா பேசும்போது அது என் காதுல 'வாட்ய கனடூ'ன்னு விழுது. அந்த ஆறு வார்த்தையும் சின்ன வயசுலருந்தே தெரிஞ்சது. தெரிஞ்ச வார்த்தைய மட்டுமே வச்சு ஒருத்தர் பேசறார், எனக்கு ஒண்ணும் பிடிபடல, அப்ப வர்ற எரிச்சல் இருக்கே, புது வார்த்தை தெரியலன்னா கூட அவ்வளவு எரிச்சல் வராது.

இதுக்குக் காரணம் தெரியவே எனக்கு மூணு வருஷம் ஆச்சு. தமிழ்ல நாம பெரும்பாலும் ஒவ்வொரு உயிரெழுத்தையும் அதுக்குரிய சத்தத்தோடதான் சொல்றோம், ஒரு அசைய மட்டும் தூக்கிச் சொல்லி மத்தத அமுக்கற பழக்கம் நமக்கு அவ்வளவா கிடையாது. இங்கிலீஷ்ல ஒரு வார்த்தைக்கு ஒரு அசையத்தான் நல்லா அழுத்தி நீட்டுவாங்க, மத்த அசையில இருக்கிற உயிர் பெரும்பாலும் சுருங்கிப் போய் ஒரு மங்கலான 'அ' மாதிரி ஆயிடும். அதுக்குப் பேரு ஷ்வா. டிக்ஷனரில உச்சரிப்பு போட்டிருக்கிற இடத்துல தலைகீழா கவுத்து வச்ச இங்கிலீஷ் ஈ எழுத்து மாதிரி ஒரு குறி இருக்கும் பாருங்க, அதுதான். இங்கிலீஷ்லயே அதிகமா வர்ற உயிர்ச்சத்தம் அதுதான், ஆனா அதுக்குன்னு சொந்தமா ஒரு எழுத்து கிடையாது. அஞ்சு உயிரெழுத்துல எது வேணா அந்த சத்தமா மாறும், அபவுட்ல ஏ, ப்ராப்ளம்ல ஈ, பென்சில்ல ஐ, லெமன்ல ஓ, சர்க்கஸ்ல யூ, அஞ்சு எழுத்து அஞ்சு வார்த்தை, சத்தம் ஒண்ணே ஒண்ணு. இதுல டு, ஆஃப், ஃபார், அண்ட், ஃப்ரம், கேன் மாதிரி சின்னச் சின்ன வார்த்தைங்க வாக்கியத்துக்குள்ள போனா முழுசாவே கரைஞ்சிடும், ஒவ்வொண்ணுக்கும் தனியா சொன்னா ஒரு உச்சரிப்பு, நடுவுல வந்தா இன்னொரு உச்சரிப்பு.

இத எந்த இங்கிலீஷ் வீடியோவும் எனக்கு சரியா புரிய வைக்கல. புரிய வச்சது பள்ளிக்கூடத்துல படிச்ச தமிழ் இலக்கணம். குற்றியலுகரம் ஞாபகம் இருக்கா? பசுன்னு சொல்லிப் பாருங்க, அப்புறம் காசுன்னு சொல்லிப் பாருங்க. ரெண்டுலயும் எழுத்து அதே சுதான். பசுல உதடு குவியும், உகரம் முழு மாத்திரை, காசுல உதடு குவியாது, கடைசி உகரம் பாதியா சுருங்கிடும், அரை மாத்திரை. இத யாரும் நமக்கு சொல்லிக் குடுத்து நாம செய்யல, வாய் தானா செய்யுது. ஒரு நாள் ராத்திரி ஷ்வா பத்தி படிச்சிட்டிருக்கும்போது இது சட்டுன்னு ஞாபகம் வந்துச்சு, எழுந்து உக்காந்துட்டேன். சத்தம் ரெண்டும் ஒண்ணு இல்ல, ஆனா நடக்கிற வேலை ஒண்ணுதான், எழுத்து அப்படியே இருக்கும், உயிர் மட்டும் சுருங்கும். நமக்கு அது சொல்லோட கடைசில நடக்குது, அவங்களுக்கு சொல்லு முழுக்க நடக்குது. அஞ்சு வருஷத்துல எனக்குக் கெடைச்ச பெரிய சந்தோஷம் எதுன்னு கேட்டா இதத்தான் சொல்வேன், நிஜமா. இங்கிலீஷ் படிக்கப் போய் தமிழ் மேல ஒரு புது மரியாதை வந்துச்சு.

இன்னொண்ணும் தோணுச்சு. புத்தகம் மட்டும் வச்சு தமிழ் படிச்ச ஒரு வெளிநாட்டுக்காரர் 'வந்துகொண்டிருக்கிறேன்'னு படிச்சிருப்பார். நாம அவர்கிட்ட 'வந்துட்ருக்கேன்'னு சொல்லுவோம். அவர் முழிப்பார். நாம ஒண்ணும் வேகமா பேசல, தப்பாவும் பேசல, அவர் படிச்ச தமிழ் நாம வாய்ல பேசற தமிழ் இல்ல, அவ்வளவுதான். நான் இங்கிலீஷ்ல இருந்தது அச்சு அசலா அந்த இடத்துலதான். ஒரே வித்தியாசம், நாம 'வந்துட்ருக்கேன்'ன்னு பேசற மாதிரியே எழுதிடுவோம், இப்ப நான் எழுதற மாதிரி. இங்கிலீஷ்ல அந்த வசதி பெருசா இல்ல. இங்கிலாந்துல அச்சு வந்தது 1476ல, அதுக்கப்புறம் எழுத்து மெதுவா ஒரு இடத்துல உறைஞ்சு போச்சு, வாய் மட்டும் மாறிட்டே இருந்துச்சு. நைட்னு வீரனுக்கு ஒரு வார்த்தை இருக்கே, அதுக்கு முன்னாடி இருக்கிற கே ஒரு காலத்துல நிஜமாவே சொல்லிட்டிருந்த எழுத்துதான். எழுத்தப் பாத்து உச்சரிப்பு படிச்ச என்ன மாதிரி ஆளுங்க அந்தப் பழைய காலத்துலயே மாட்டிக்கிட்டோம்.

ஃபோட்டோகிராஃப்னு ஒரு வார்த்தை எடுத்துக்கோங்க. அழுத்தம் முதல் அசைல, ஃபோ. ஃபோட்டோகிராஃபின்னு ஆக்கினா அழுத்தம் ரெண்டாவது அசைக்கு தாவிடும், 'ஃபடாக்ரஃபி' மாதிரி கேக்கும், முதல்ல இருந்த ஃபோ காணாமப் போயிடும். ஃபோட்டோகிராஃபிக்னு ஆக்கினா மூணாவது அசைக்குப் போயிடும். நான் மூணையும் ஒரே மாதிரி ஃபோ-ட்டோ-ன்னு சொல்லிட்டிருந்தேன். எதிர்ல இருக்கிறவங்களுக்கு பிரச்சனை நம்ம ர, ல, த சத்தமெல்லாம் இல்ல, அத அவங்க சமாளிச்சிடறாங்க, அழுத்தம் தப்பான இடத்துல விழுந்தா அது எந்த வார்த்தைன்னே அவங்களுக்குப் பிடிபடாது.

இப்ப கேன் விஷயத்துக்கு வர்றேன், இத எழுத உக்காந்ததே இதனாலதான். முடியும்னா கேன், முடியாதுன்னா கான்ட். இதுல என்ன கஷ்டம்னு தோணும். அமெரிக்கக்காரங்க இந்த கான்ட்ட 'கேன்ட்'னுதான் சொல்வாங்க, அவங்க பேச்சுல அதோட கடைசி ட் பெரும்பாலும் வெளிய வராது, தொண்டையிலயே நின்னுடும், 'கேன்'னு முழுசா அழுத்தி நிறுத்துவாங்க. முடியும்னு சொல்றப்ப அந்த வார்த்தை சுருங்கி 'க்ன்'னு ஓடிடும், அழுத்தம் அடுத்து வர்ற வினைச்சொல்லு மேல போயிடும். அதாவது அவங்க காது ட் இருக்கா இல்லையான்னு பாக்குறத விட உயிர் முழுசா இருக்கா சுருங்கியிருக்கான்னுதான் பாக்குது. நான் 'ஐ கேன் கம்'னு ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமா, மரியாதையா, முழுசா சொல்றேன். அவங்களுக்கு அது முடியாதுன்னு கேக்குது. சுத்தமா சொல்லச் சொல்ல அர்த்தம் தலைகீழா போகுது.

மூணு வருஷம் முன்னாடி ஒரு ஃபோன் கால்ல வியாழக்கிழமை என்னால பண்ண முடியும்னு சொன்னேன். அந்தப் பக்கம் முடியாதுன்னு எடுத்துக்கிட்டு வேலைய வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டாங்க. எனக்கு அது தெரிய வந்தது வெள்ளிக்கிழமை. அவங்க மேல தப்பு சொல்ல முடியல, அவங்க கேட்டது அதுதான். ஆனா அதுக்கு முன்னாடி நான் மூணு மாசம் காசு கட்டிப் போன ஸ்போக்கன் இங்கிலீஷ் கோர்ஸ் மேல எனக்கு இன்னைக்கும் கோவம் இருக்கு. தொண்ணூறு நாள்ல சரளமா பேசலாம்னு சொன்னாங்க, ஒரு நாள் கூட இந்த அழுத்தம், சுருங்கற உயிர் பத்தி ஒரு வார்த்தை சொல்லல. டீச்சர் நல்ல மனுஷன், தைரியமா பேச வச்சார், கூச்சம் போச்சு, அத மறுக்க மாட்டேன். ஆனா தைரியமா தப்பா பேச வச்சிட்டார். தினமும் தொடர்ச்சியா வந்தா நெருப்புப் படம் காட்டற ஒரு ஆப்பும் கொஞ்ச நாள் வச்சிருந்தேன், இருநூறு நாள் தொடர்ச்சி இருந்துச்சு, அந்த இருநூறு நாள்ல எனக்கு வந்தது அந்த நெருப்ப அணைய விடாம பாத்துக்கிற பழக்கம் மட்டும்தான்.

எனக்கு வேலை செஞ்சது ரொம்பப் பழைய முறை, டிக்டேஷன். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ்ல ஆறு நிமிஷ நிகழ்ச்சி ஒண்ணு இருக்கு, பேசறது கிட்டத்தட்ட எழுத்துலயும் கெடைக்கும். அதுல முப்பது செகண்ட் எடுத்துக்கணும், எழுத்தப் பாக்காம கேட்டு எழுதணும், எத்தன தடவை வேணா கேக்கலாம். அப்புறம் ஒப்பிட்டுப் பாக்கணும். விட்டதெல்லாம் எதுன்னு பாத்தீங்கன்னா பெரிய வார்த்தை இருக்காது, ஆஃப், டு, ஹேவ், எ இதுங்கதான். அந்த இடத்த மட்டும் நாலு தடவை கேட்டு கூடவே வாய்விட்டு சொல்லணும், அதே வேகத்துல, அதே சுருக்கத்தோட. முதல் மாசம் முப்பது செகண்டுக்கு நாப்பது நிமிஷம் ஆச்சு. எட்டு மாசம் கழிச்சு, ஒரு நாள் வேற வேலை பாத்துட்டே ஓடவிட்டிருந்த பேட்டி ஒண்ணு தானா புரிஞ்சிட்டிருந்துச்சு, புரியுதுன்னே எனக்குத் தெரியல, அது முடிஞ்சப்புறம்தான் உறைச்சுது. அந்த நாள இன்னும் மறக்கல. இதுவரைக்கும் புரியாத மொழியில பேசிட்டிருந்த ஆளுங்க திடீர்னு மனுஷங்க ஆன மாதிரி இருந்துச்சு.

வயசு பத்தி கேட்டானே, அதுல பயப்பட ஒண்ணுமில்ல. ஆரம்பத்துல இலக்கணமும் வார்த்தையும் பெரியவங்கதான் குழந்தைங்கள விட வேகமா பிடிப்பாங்க, உச்சரிப்புதான் சின்ன வயசுல வந்த அளவு சுலபமா வராது. எ, தி எங்க போடணும்ங்கிறது எனக்கு இன்னும் முழுசா வரல, தமிழ்ல அந்தப் பொருளே இல்ல, விட்டுட்டேன், அதனால யாரும் என்ன தப்பா புரிஞ்சிக்கல.

ஆக, இவ்வளவு நல்லது சொல்லியிருக்கேன். காது தொறந்திருக்கு, படிக்க முடியுது, ஃபோன்ல பயம் போச்சு. ரெண்டு மாசம் முன்னாடி கேட்டிருந்தா அஞ்சுக்கு நாலரை குடுத்திருப்பேன். ஆனா இந்தச் செவ்வாய்க்கிழமை மறுபடி அதே கேன். இந்தத் தடவை நான் கேட்ட பக்கம். அவர் முடியாதுன்னு சொன்னத நான் முடியும்னு எடுத்துக்கிட்டு, நாலு பேர வரச்சொல்லி காத்திருந்தோம், அவர் வரல. விதி தெரியும், காரணம் தெரியும், குற்றியலுகரம் வரைக்கும் போய் யோசிச்சாச்சு, இப்ப இங்க பக்கம் பக்கமா எழுதறேன், ஆனா அந்த அரை நொடில காது பழையபடி ட்-ஐத்தான் தேடிச்சு. அஞ்சு வருஷத்துக்கப்புறமும் ஒரே ஒரு அசைல கவுந்தா வலிக்குது. இன்னைக்குத் தேதிக்கு அஞ்சுக்கு ரெண்டரை. அதுக்கு மேல குடுக்க மனசு வரல.

மச்சான், "ஆரம்பி"ன்னு அன்னைக்கு ஃபோன்ல சொன்னத இன்னைக்கு என்னால திருப்பிச் சொல்ல முடியல, அடுத்த வாரம் கேளு. அதுக்குள்ள நீயா ஆரம்பிச்சிட்டேன்னா, ஆன்கிய போட்டுக்கோ, முதல் கார்டுலருந்தே சத்தத்தோட போடு, யாராவது உன்கிட்ட முடியும்னோ முடியாதுன்னோ சொன்னா ஒண்ணுக்கு ரெண்டு தடவை "எஸ்ஸா, நோவா"ன்னு கேட்டுக்கோ. கேக்கறதுல வெக்கப்படாத, நான் செவ்வாய்க்கிழமை கேக்கல.