நாஸ்ட் சாண்டாவா, வெயின் பூனையா, ஹார்ஸ்லி கார்டா: துணியில எது நிக்கும்?

திருப்பூர்ல எங்க பிரிண்டிங் யூனிட்டுக்கு வெளிநாட்டு கிறிஸ்மஸ் ஆர்டர் ஜூன், ஜூலைலயே வந்துடும், கப்பல்ல போய்ச் சேரணும்ல. இப்ப நிறைய பேர் கேக்குறது விக்டோரியா காலத்துப் படங்கள்தான். அதுல மூணை துணியில அடிச்சுப் பாத்துட்டேன், மூணும் மூணு விதமா நடந்துக்குது.

ஹார்ஸ்லி கார்டை சீக்கிரம் முடிச்சிடுறேன். 1843ல லண்டன்ல ஹென்றி கோல்ங்கிறவர் கேட்டு ஜான் கால்காட் ஹார்ஸ்லிங்கிற ஓவியர் வரைஞ்சது, கடைக்கு வந்த முதல் கிறிஸ்மஸ் கார்டுனு இதத்தான் சொல்லுவாங்க, விலை ஒரு ஷில்லிங். நடுவுல ஒரு குடும்பம் ஒயின் கோப்பையோட, ரெண்டு ஓரத்துலயும் ஏழைகளுக்கு சாப்பாடும் துணியும் குடுக்குற காட்சி. வரலாறுக்கு இதை அடிச்சுக்க ஆளே இல்ல, ஆனா துணியில தோத்துடுது. ஃபிரேம் கட்டுன படம்ங்கிறதால நெஞ்சுல ஒரு போர்டு ஒட்டுன மாதிரி நிக்குது, ஓரத்துல இருக்குற அந்த நல்ல காட்சிகள் ரெண்டடி தள்ளி நின்னாலே தெரியல. குழந்தை வாயிலயும் ஒயின் கோப்பை இருக்கு, அதுக்கு அப்பவே மதுவிலக்குக்காரங்க சண்டைக்கு வந்தாங்க, அதனால கிட்ஸ் சைஸுக்கு வேணவே வேணாம்.

தாமஸ் நாஸ்ட் சாண்டா வேற ரகம். நாஸ்ட் அமெரிக்காவுல கார்ட்டூன் வரைஞ்சவர், ஆனா காலம் அதே காலம்தான். 1881 ஜனவரி 1 தேதி போட்ட ஹார்ப்பர்ஸ் வீக்லில வந்த படம், கை நிறைய பொம்மை, நீளமான பைப்பு, இடுப்புல வாள், நல்லா உப்புன கன்னம். அந்தக் காலத்துப் பத்திரிகைக்கு மரக்கட்டையில கோடு கோடா செதுக்கித்தான் அச்சடிப்பாங்க, நிழல்கூட கோடு மேல கோடு போட்டதுதான், சாம்பல் கலர்னு தனியா எதுவும் கிடையாது. ஒரு ஸ்கிரீன் (இங்க் வழியா இறங்கி துணியில படுற வலைச் சட்டம்), ஒரு கருப்பு இங்க், வேலை முடிஞ்சுது! எக்ரு கலர் (வெளுக்காத பருத்தி நிறம்) துணியில வாட்டர் பேஸ் இங்க்ல அடிச்சா பழைய பேப்பர்லயே பாக்குற மாதிரி இருக்கு, கை வெச்சுத் தடவுனா பிரிண்ட் இருக்கறதே தெரியாது. ஒண்ணு மட்டும் கவனிக்கணும், மெஷ், அதாவது ஸ்கிரீன் வலை, நைஸா இருக்கணும், இல்லன்னா தாடில இருக்குற கோடெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி கரி பூசுன மாதிரி ஆயிடும், எனக்கு முதல் சாம்பிள் அப்படித்தான் போச்சு.

லூயிஸ் வெயின்ங்கிற இங்கிலாந்து ஓவியரோட பூனைகள்னா எனக்குத் தனிப் பிரியம். 1886 கிறிஸ்மஸ் இதழுக்கு இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்ல நூத்தம்பது பூனைங்கள வெச்சு ஒரு பார்ட்டியே வரைஞ்சார், அப்ப அவர் மனைவி எமிலி புற்றுநோயில படுத்திருந்தாங்க, அடுத்த மாசமே போயிட்டாங்க. வீட்டுப் பூனை பீட்டரை அவங்களுக்காகத்தான் வரைய ஆரம்பிச்சார், அதை நினைச்சுட்டு அந்தப் படத்தைப் பாத்தா மனசு என்னவோ பண்ணும். ஆனா இன்னிக்கு விக்டோரியன்னு சொல்லி ஸ்வெட்ஷர்ட்ல வர்ற கலர் பூனைங்க, அந்த சட்டை போட்டு சிரிக்கிற பூனைங்க, பெரும்பாலும் 1901க்கு அப்புறம் வந்த போஸ்ட்கார்டு, விக்டோரியா ராணி போனதுக்கு அப்புறம். வாங்குறவங்ககிட்ட அதைச் சொல்லிடணும்.

சிக்கல் அந்த போஸ்ட்கார்டு சைஸ்லதான். அஞ்சரை இஞ்ச் நீளம், அதை 300 டிபிஐல (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) ஸ்கேன் பண்ணி 12 இஞ்சுக்கு இழுத்தா 137க்கு இறங்கிடும், மீசை எல்லாம் படிக்கட்டு மாதிரி தெரியும். அதோட கார்டே புள்ளி புள்ளியா அச்சானது, அதை ஸ்கிரீனுக்காக மறுபடி புள்ளியாக்குனா புள்ளியும் புள்ளியும் மோதி அலை அலையா ஒரு டிசைன் கிளம்பும். அதனால வெயினுக்கு ஸ்கிரீன் வேணாம், டிடிஜிதான், அதாவது பிரிண்டர்லயே காட்டன் துணியில நேரா அடிக்கிறது. டிடிஎஃப்ல (ஃபிலிம்ல அடிச்சு சூடு வெச்சு துணியில ஒட்டுறது) கலர் பளிச்னு வரும், ஆனா அவ்வளவு பெரிய படத்துக்கு நெஞ்சுல பிளாஸ்டிக் ஷீட் ஒட்டுன மாதிரி வெறப்பா நிக்கும்.

டி-ஷர்ட்டுக்கு நாஸ்ட்தான்னு நான் கண்ண மூடிட்டு சொல்லுவேன். உள்பக்கம் பிரஷ் பண்ண கனமான ஸ்வெட்ஷர்ட்டுக்கு வெயின், அதுவும் முழுக் கூட்டத்தையும் போடாம ஒரே ஒரு பூனைய வெட்டி எடுத்து பெருசா போடுங்க. ஃபைல் அனுப்புறவங்க கார்டை 1200 டிபிஐல ஸ்கேன் பண்ணி அனுப்புனா மீசைய ஒவ்வொரு முடியா நான் எடுத்துத் தரேன்.